கழற்றுவதற்கு முன் சோதியுங்கள்: வாகனப் பணிமனை முகாமையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் வானைத் தாங்கள் நன்றாக அறிவீர்கள். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குக் கிளினிக் செல்லும் நோயாளர்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் வான். முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஈரப் படலத்தை நீக்கும் காற்று வருவதில்லை என்று சொல்லித்தான் அதை மீண்டும் மீண்டும் தங்கள் பணிமனைக்குக் கொண்டுவந்தேன். முதலில் ஏ.சி.யைக் குளிர வைக்கும் காஸ் நிரப்பினீர்கள். பிறகு காற்று வடிகட்டியை மாற்றினீர்கள். இப்போது ஏ.சி. கட்டுப்பாட்டுப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலைமதிப்பீடு தந்திருக்கிறீர்கள். செய்த வேலைகளுக்கெல்லாம் பணம் கட்டிவிட்டேன். கண்ணாடிக்கு இன்னும் காற்று வரவில்லை.

கட்டுப்பாட்டுப் பலகைதான் பழுது என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். “மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்” என்றார் தங்கள் பணியாளர். யாருடைய பணத்தில் மாற்றிப் பார்ப்பது, ஐயா? இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

வானை முதன்முதலாக ஒப்படைத்த அன்றே அடையாளங்களைச் சொன்னேன். விசிறி எல்லா வேகத்திலும் நன்றாகச் சுற்றுகிறது. கால் பக்கத்துக்குக் காற்று பலமாக வருகிறது. சூடு வைத்தால் சூடாகவும், ஏ.சி. போட்டால் குளிராகவும் வருகிறது. கண்ணாடிக்கான பொத்தானை அழுத்தினால் மட்டும் டாஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறது, காற்று திசை மாறுவதில்லை. தங்கள் வேலைச்சீட்டில் இவற்றில் ஒன்றுகூட ஏறவில்லை. “ஏ.சி. பழுது” என்ற இரண்டே சொற்கள்தான் அதில் இருந்தன.

காற்று குளிர்ந்து வரும்போது காஸ் நிரப்ப என்ன அவசியம்? வடிகட்டி அடைத்திருந்தால் எல்லா வாயிலிலும் காற்று மெலிந்திருக்க வேண்டும். கால் பக்கம் மட்டும் எப்படிப் பலமாக வரும்? விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருந்தால் பெரும்பாலும் உச்ச வேகத்தில் மட்டுமே விசிறி சுற்றும். அந்தக் குறையும் என் வானில் இல்லை. காற்று உற்பத்தியாகிறது, சூடாகிறது, குளிர்கிறது, ஆனால் போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது காற்றைப் பிரித்து அனுப்பும் உட்கதவையும் அதைத் திருப்பும் சின்ன மோட்டாரையும் அல்லவா? அக்சுவேட்டர் என்று தாங்கள் அழைக்கும் அந்த மோட்டாருக்குள் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு பல் உடைந்தால் சக்கரம் வழுக்கும். அப்போது கேட்பது இந்த டிக் டிக் சத்தம்தான். பல் உடையாமலே, பற்றரியைக் கழற்றி மாட்டிய பின் சில வாகனங்களில் அந்த மோட்டார் தன் நிலையை மறந்து நிற்பதும் உண்டு. அதைத் திரும்பப் பழக்கிவிட்டாலே போதும், ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. பலகையிலிருந்து அந்த மோட்டாருக்கு மின் வருகிறதா என்று மீற்றர் வைத்துப் பார்த்தால் பழுது பலகையிலா, மோட்டாரிலா என்பது தெரிந்துவிடும். பலகையை வாங்கி மாட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

தயவுசெய்து கழற்றுவதற்கு முன் சோதியுங்கள். சோதித்ததை எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது சொகுசுக்கான கோரிக்கை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொழும்பில் ஏ.சி. என்ற இந்தப் பொறி குளிர்ச்சிக்கு. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே பொறி பாதை தெரிவதற்கு. கிளினிக்கில் நேரத்தோடு நம்பர் எடுக்க வேண்டும் என்பதால் தோட்டத்து ஆட்கள் விடியுமுன்பே லயத்து முற்றத்தில் வந்து நிற்பார்கள். ஈரமான கம்பளிச் சட்டையும் குடையுமாக வானுக்குள் நெருக்கி உட்கார்ந்து கதவைச் சாத்திய சற்று நேரத்தில் எல்லோருடைய மூச்சும் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். வெளியே பனிமூட்டம், உள்ளே வெண்படலம். வைப்பர் வெளிப்புறத்தை மட்டுமே துடைக்கும். உட்புறத்தைத் துடைக்க வேண்டியது, ஏ.சி.யில் ஈரம் நீங்கிப் பிறகு சூடேறி வரும் அந்தக் காற்று. வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்தும் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்குக் காற்றே போகாதபோது அதனால் ஆவதும் கொஞ்சம்தான்.

கண்ணாடிக்கு அந்தக் காற்று இல்லாததால் ஜன்னல்களைத் திறந்து வைத்து ஓட்டுகிறேன். நானுஓயா ஏற்றத்தில் அந்த நேரத்துக் காற்று எப்படி அடிக்கும் என்பது தங்களுக்கும் தெரியும். சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கிளினிக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைக்கு இழுப்பு. மூச்சு விடும்போது வந்த சத்தம் என் இருக்கை வரைக்கும் கேட்டது. “அண்ணே, ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன், பிள்ளைக்குக் குளிருது” என்றாள். சாத்தினேன். அடுத்த வளைவுக்குள் கண்ணாடி மூடிக்கொண்டது. எதிரே வந்த மரக்கறி லொறியின் விளக்கு ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. மறுபடியும் திறந்தேன். அவள் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தன் சேலைத் தலைப்பை எடுத்துப் பிள்ளையின் முகத்தைப் போர்த்திக்கொண்டாள். முன்னால் இருந்த பெரியவர் துவாயால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நோயாளியாக வந்தவர் அவர். என் வானுக்கு வைப்பராக வேலை செய்தார்.

மூச்சிழுக்கும் பிள்ளையைப் பனிக்காற்றில் வைத்துக் கிளினிக்குக் கொண்டுபோகும் நிலைமை எனக்கு வந்தது ஒரு சின்ன மோட்டாரைச் சோதித்துப் பார்க்காததால் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. மரியாதையோடுதான் எழுத முயல்கிறேன்.

தங்கள் பணிமனையை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அத்தனை ஆண்டுகளும் பழைய வாகனங்களை வைத்தே இந்த மலைகளில் ஏறி இறங்கினோம். உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அப்படிப்பட்ட காலத்தில் ஊகத்தில் ஒரு பொருளை மாற்றுவது, நாள் சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவர்கள் கொடுக்கும் வான் காசில் கை வைப்பதாகும். பரிசோதனை செய்யும் அதிகாரிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம், அது தேவையானதுதான். ஆனால் கண்ணாடிக்குக் காற்று வருகிறதா, அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டு என்று இதுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் வானில் ஏறும் பெண்கள் உட்காருவதற்கு முன் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

வாகனத்தைக் கொண்டுவருபவர் சொல்லும் அடையாளங்களை அவர் சொன்னபடியே வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கால் பக்கம் ஈரமா, ஏ.சி. தண்ணீரை வெளியேற்றும் வடிகுழாய் அடைத்திருக்கலாம். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இனிப்பு வாடையும் உண்டா, ஹீட்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் விசிறி நிற்கிறது, எந்தப் பொத்தானுக்கு என்ன சத்தம் என்பதையெல்லாம் சாவியை வாங்கும்போதே கேட்டுவிடலாம். அதற்குப் பொருட்செலவு கிடையாது. பிறகு சோதியுங்கள். எதைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். சோதனைக்குக் கூலி கேளுங்கள், தயங்காமல் தருகிறேன். சோதிக்காமல் மாற்றும் பொருளுக்கு இனிமேல் பணம் தருவதற்கில்லை.

வரும் திங்கட்கிழமை, பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வானைக் கொண்டுவருகிறேன். அந்தக் கட்டுப்பாட்டுப் பலகையைத் தருவிக்க வேண்டாம். கையுறைப் பெட்டியைக் கழற்றி, மோட்டார் இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்து, பொத்தானை அழுத்தும்போது அது திரும்புகிறதா என்பதை என் கண்முன்னே காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலை – நுவரெலியா வீதியில் வான் ஓட்டும் சாரதி