கைப்பக்குவத்தையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் வாசகர்கள் தங்கள் வீட்டில் வழிவழியாக வரும் குறிப்புகளை எழுதி அனுப்புவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை விசேஷ நாள் பண்டங்களாகவே இருப்பதும், நாலைந்து பொருள்களில் ஆகிவிடும் அன்றாட உணவு எப்போதாவதுதான் தலைகாட்டுவதும் மனத்தை உறுத்துவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் யாராவது ஒருவர் நோட்டில் குறித்து வைத்துவிடுகிறார். தினமும் செய்வதற்கு அந்த அச்சம் இல்லை. கேட்டால், "இதுக்கெல்லாமா குறிப்பு வேணும்?" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால்தான் செய்தவரின் காலத்துக்குப் பிறகு ஒரு குடும்பத்தில் முதலில் காணாமல் போவது மிக எளிய உணவாக இருக்கிறது. எளியது என்பதால் அதை மீட்டெடுப்பதும் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பதினைந்து பொருள்கள் சேரும் பண்டத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மற்றவை அதை மறைத்துவிடும். வெங்காயம், எண்ணெய், உப்பு, தண்ணீர் ஆகியவற்றோடு முடிந்துவிடும் ஒன்றில் எந்தப் பிசகும் நேராக நாக்கில் வந்து நிற்கும்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். "ஐந்து நிமிடம் வதக்கவும்" என்று அச்சில் வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் சற்றுத் துவளும், அவ்வளவுதான். அதன் நீர் வற்றி, இனிப்புத் திரண்டு, ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏற வேண்டுமானால் மெல்லிய தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். பழகிய கை அந்த அரை மணி நேரத்தை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை என்பதால், சொல்லும்போது அது ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. குறிப்பை அப்படியே பின்பற்றும் பேரப்பிள்ளை, ருசி வராமல், தன் கைக்குப் பக்குவம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அளவுகளின் கதையும் இப்படித்தான். ஒரே கோப்பையில் மாவைத் தளரத் தூவி அளந்தால் ஏறத்தாழ 120 கிராம் நிற்கும். அதையே அமுக்கி அளந்தால் 150 கிராம் வரை போகும். உப்பிலும் ஒரு கரண்டி தூள் உப்பின் எடை வேறு, பரல் உப்பின் எடை வேறு. செதில் வடிவ உப்பானால் பாதியாகக்கூடக் குறையலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சமையல் பள்ளிக்குத் தலைமை வகித்த ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட நூலில், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தியது இந்தத் தொல்லையை அறிந்துதான். வீட்டுக் குறிப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. "அந்த டம்ளரால் ரெண்டு" என்று எழுதியிருக்கும். அந்த டம்ளர் எப்போதோ ஓட்டையாகிப் பழைய பாத்திரங்களோடு போயிருக்கும்.

இது நம் காலத்துக் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான மெசபடோமியக் களிமண் பலகைகளில் சமையல் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பல, பொருள்களின் பெயர்களையும் ஓரிரு செய்கைகளையும் மட்டும் சொல்லி, அளவையும் நேரத்தையும் விட்டுவிடுகின்றன. படிப்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதே எழுதியவரின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டில் நாஜிகள் நடத்திய தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பெண்கள், பசியில் வாடிய நிலையிலும், தங்கள் வீட்டுச் சமையலை நினைவிலிருந்து தாள்களில் எழுதினார்கள். அந்தக் கையெழுத்துப்படி கால் நூற்றாண்டுக்குப் பிறகே, எழுதியவர்களில் ஒருவரின் மகளிடம் நியூயார்க்கில் போய்ச் சேர்ந்தது. அக்குறிப்புகளிலும் சிலவற்றில் ஒரு பொருளோ ஒரு படியோ விடுபட்டிருக்கிறது. அந்தச் சூழலில் அவற்றை எழுதியதே பெரிது. சாவகாசமாக உட்கார்ந்து எழுதும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

எழுதி வைக்க விரும்புகிறவர், நோட்டோடு சேர்த்து ஒரு சிறு தராசையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. சமைப்பவர் உப்பு டப்பாவில் விரல்களை விடும்போது, பாத்திரத்தில் விழுவதற்கு முன்பு தராசின் மேல் ஒரு கிண்ணத்தை நீட்டி வாங்கிக்கொள்ளலாம். அவர் ஒரு சிட்டிகை என்று சொல்லியிருப்பார். கிண்ணத்தில் அரைக் கரண்டி நிற்கும். கேட்டதற்குச் சொல்லாததையெல்லாம் கை செய்துகொண்டே இருக்கும்: பேச்சின் நடுவே தீயைக் குறைக்கும், மூடியைச் சற்றே ஒருக்களித்து வைக்கும், மாவை ஒரு விரலால் அழுத்தி, குழி மெல்ல நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டு இன்னும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிக்கும். குறிப்பில் ஏற வேண்டியவை இவைதாம். நேரத்தை மட்டும் நம்பி எழுதினால் ஊர் மாறும்போதே அது கைவிட்டுவிடும். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே வேக அதிக நேரமாகும். கண்ணுக்கும் மூக்குக்கும் விரலுக்கும் தெரியும் அடையாளங்கள் எங்கே போனாலும் கூடவே வரும்.

பெரியவர்கள் சொன்னது என்பதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அச்சிடவும் கூடாது. குறிப்பாக, நாள்பட வைத்திருக்கும் பண்டங்களில் ஆசிரியர் குழு கண்டிப்பாக இருக்க வேண்டும். புளிப்பு எதுவும் சேர்க்காமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் அமிழ்த்தி, குளிர்ப்பெட்டிக்கு வெளியே நாள்கணக்கில் வைத்தால், காற்றில்லாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகக்கூடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்கு மேல் இருக்கும், அதாவது புளிப்புக் குறைந்த, உணவுகளில் இந்த ஆபத்து உண்டு. வாசனையையோ நிறத்தையோ வைத்து அதைக் கண்டுபிடித்துவிட முடியாது. "எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்பது இங்கே சான்றாகாது.

ஆகவே, தாங்கள் குறிப்புகளை வரவேற்கும் அறிவிப்பில் சில வரிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவு, உப்பு போன்றவற்றைக் கிராமிலும், நீர்மங்களை மில்லிலிட்டரிலும் தரச் சொல்லலாம். பாத்திரத்தின் அகலத்தைக் குறிப்பிடச் சொல்லலாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் அது சின்ன விவரமல்ல. ஒவ்வொரு படியும் முடிந்துவிட்டது என்பதை எதைப் பார்த்து அறிந்தார்கள் என்பதையும், அதைச் செய்து காட்டியவருக்கு அவர்கள் என்ன உறவு என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லலாம். வாரத்தில் ஒரு நாளாவது, ஐந்து பொருள்களுக்கு மேற்படாத அன்றாட உணவுக்கென்று இடம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். அதற்குப் படம்கூட வேண்டாம். அந்த இடத்திலும் குறிப்பையே இன்னும் சற்று விரிவாகப் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்