மூக்கை நம்ப முடியாது

ஐயா, பூமிக்கடியில் உள்ள வெப்பத்தில் இருந்து எடுக்கும் புவிவெப்ப மின்சாரத்தைப் 'புகையில்லாத மின்சாரம்' என்று பாராட்டிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். புகை இல்லைதான், ஆனால் வாயு இருக்கிறதே! 2021 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவின் வட சுமத்ராவில், சோரிக் மராப்பி புவிவெப்ப மின்நிலையத்தில், நிலத்தடி நீராவியை எடுக்கும் ஒரு கிணற்றைத் திறந்தபோது வெளியேறிய ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு, பக்கத்து சிபாங்கோர் ஜூலு கிராமத்தில் 5 பேரின் உயிரைக் குடித்தது. அவர்களில் சிறு குழந்தைகளும் உண்டு. இத்தகைய நிலையங்களுக்கு அருகில் வாழ்பவர்கள் 'நாற்றம் அடிக்கிறது, தலை சுற்றுகிறது' என்று புகார் சொன்னால், அதை வளர்ச்சிக்கு எதிரான பேச்சு என்று தள்ளிவிடுவது சரியில்லை.

வளைகுடாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே மூக்கை நம்பாதே என்பதுதான். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இந்த வாயு, அளவு கூடினால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, அப்பாடா என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தானது. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் வயலிலும் தங்கும். எங்கள் சட்டையில் வாயுவைக் காட்டும் சிறு கருவி எப்போதும் தொங்கும். வேலிக்கு வெளியே இருப்பவருக்கு அது கிடையாது. எனவே ஊருக்குள்ளும், முக்கியமாகத் தாழ்வான இடங்களில், சைரனோடு கூடிய அளவைக் கருவிகளைப் பொருத்த வேண்டும். கிணறு திறக்கும் நாளைத் தண்டோரா போடாத குறையாக முன்கூட்டியே அறிவித்து, வேலை முடியும்வரை வயலில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாள் கூலியை நிறுவனமே கொடுக்கட்டும்.

– ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, நாகப்பட்டினம்