பாட்டியைப் பற்றிக் கேட்காத படிவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுச் சேவைகள் எல்லாம் கைப்பேசிக்கே வந்துவிட்டதாகச் சொன்ன உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாதி சரி. எங்கள் வீட்டில் மீதிப் பாதியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

மார்ச்சில் அப்பா தவறிவிட்டார். இறப்புச் சான்றிதழுக்காக நான் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. பதிவானதும் இணையத்திலேயே எடுத்துக்கொண்டேன், பைசா செலவில்லை. தாத்தா இறந்தபோது இதே தாளுக்காக அப்பா எத்தனை நடை நடந்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ். அம்மாவின் பெயரில் விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனோம். கேன் (CAN) எண், அதாவது இந்தச் சேவைகளுக்கு விண்ணப்பிக்க ஆளுக்கொன்றாகத் தரும் பதிவு எண், முன்பே எடுத்ததுதான், கையில் இருந்தது. ஓடிபி மட்டும் வரவில்லை. அந்தக் கேன் எண்ணோடு பதிந்திருந்தது அப்பாவின் போன் நம்பர். "அவர் போன்லதான் வந்திருக்கும், போய் எடுத்துட்டு வா" என்றார் அம்மா. அது ரீசார்ஜ் முடிந்து பீரோவுக்குள் கிடந்தது. காசு போட்டு, சார்ஜ் ஏற்றி, மறுநாள் எடுத்துப்போனோம்.

60 ரூபாய் கட்டி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியாயிற்று. இருந்தும் விஏஓ, "ஒரு செட் ஜெராக்ஸ் கொடுத்துடுங்க" என்றார். சரி, கொடுத்தோம். சில நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி: நிராகரிக்கப்பட்டது. காரணம், 'ஆவணங்கள் போதவில்லை'. எந்த ஆவணம் என்று இ-சேவைப் பையனுக்கும் தெரியவில்லை. தான் எப்போதோ மேலே அனுப்பிவிட்டதாக விஏஓ சொன்னார். மூன்றாவது நடையில்தான் வருவாய் ஆய்வாளர் இருக்கையில் இருந்தார்.

"உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா?"

"இல்லைங்க, நான் மூணாவது படிக்கும்போதே போய்ட்டாங்க."

"அதுக்கு சர்டிபிகேட் எங்கே?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளைப் போலவே இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசுதான். ஆனால் புகைப்படம் எத்தனை கேபி இருக்க வேண்டும் என்பதுவரை கறாராகச் சொன்ன அந்தத் திரை, 'இறந்தவரின் தாயார் உயிருடன் உள்ளாரா?' என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே! இல்லை என்று சொன்னால் அங்கேயே அந்தச் சான்றையும் ஏற்றச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு மூன்று நடை மிச்சம், அந்த அலுவலகத்துக்கும் ஒரு கோப்பு மிச்சம்.

ஆந்திராவில் 2025 ஜனவரியில் 'மன மித்ரா' என்று 161 சேவைகளை வாட்ஸ்அப்பிலேயே தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் 'ஆவணங்கள் போதவில்லை' என்பதே வாட்ஸ்அப்பில் வந்தால் எனக்கு என்ன லாபம்? என்னைக் கேட்டால், நிராகரிக்கும் அலுவலர் இன்ன ஆவணம் இல்லை என்று பெயர் குறிப்பிடாமல் அந்தப் பக்கத்தை மூடவே முடியாதபடி மென்பொருளை மாற்ற வேண்டும். அது பெரிய வேலை இல்லை. மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்து, தாமதித்தால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. நான் அபராதம் வரைக்கும் போகவில்லை, காரணத்தை மட்டும் ஒழுங்காக எழுதினால் போதும்.

இப்போதைய நிலவரம் இது: பாட்டியின் சாவை அந்தக் காலத்தில் யாரும் பதியவில்லை. ஒரு வருடம் கடந்துவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முன்னால், பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்று வாங்க வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் வாரிசுச் சான்றிதழுக்கு மறுபடியும் 60 ரூபாய் கட்டலாம். அம்மாவின் கேன் எண்ணில் என் நம்பரை மாற்றிக்கொடுத்துவிட்டேன். அப்பாவின் போனுக்கு அம்மா மட்டும் இன்னும் ரீசார்ஜ் போடச் சொல்கிறார்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்ட வாசகர் ஒருவர்