பாடநூலில் ஆர்.என்.ஏ. குடும்பம் முழுவதும் வரட்டும்

உயிரியல் பாடநூல்களைத் தமிழில் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் வழியில் உயிரியல் நடத்துகிறேன். மரபியல் பாடம் தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்துவிடும்: "ஆர்.என்.ஏ.வும் எம்.ஆர்.என்.ஏ.வும் ஒண்ணுதானே சார்?"

கேட்கும் பிள்ளைமீது தவறில்லை. 'டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம்' என்று ஒரு பக்கத்தில் அம்புக்குறி போடுகிறோம். அடுத்த பக்கத்தில் அதே இடத்தில் தூது ஆர்.என்.ஏ. (எம்.ஆர்.என்.ஏ.) என்று எழுதுகிறோம். இரண்டும் ஒன்று என்று அவர்கள் நினைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

வகுப்பில் நான் மல்கோவாவைச் சொல்லி விளக்குகிறேன். மல்கோவா எல்லாம் மாம்பழம்தான். மாம்பழம் எல்லாம் மல்கோவா இல்லை. ஆர்.என்.ஏ. என்பது ரைபோஸ் சர்க்கரையும் பாஸ்பேட்டும் நான்கு காரங்களும் சேர்ந்த வேதிப்பொருளின் பெயர். தூது ஆர்.என்.ஏ. என்பது அதில் ஒரு வகைக்கு, டி.என்.ஏ.வின் செய்தியைக் கொண்டுசெல்லும் அதன் வேலையை வைத்து இட்ட பெயர். அதுவும் சிறுபான்மை வகை. ஒரு செல்லின் ஆர்.என்.ஏ. முழுவதையும் எடை போட்டால் சுமார் 80 சதவீதம், புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமில் இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.; 15 சதவீதம் அளவுக்கு, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களை அங்கே கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ. தூது ஆர்.என்.ஏ. சில சதவீதம்தான். இந்த அளவை ஒரு படமாகப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்தக் குழப்பம் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளுக்கே இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ரைபோசோமுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.தான் புரதத்துக்கான செய்தியும் என்று 1950களில் பலர் நம்பினார்கள். 1960இல் சிட்னி பிரென்னரும் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் கலிபோர்னியாவில் மேத்யூ மெசல்சனின் ஆய்வகத்துக்குப் போய் இதைச் சோதித்தார்கள். கனமான ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின் எடை கூடிய அணுக்களில்) வளர்த்த பாக்டீரியாவில் வைரஸைச் செலுத்தி, லேசான ஊடகத்துக்கு மாற்றினார்கள். அந்த நம்பிக்கை சரியென்றால் வைரஸின் புரதத்துக்குப் புதிய ரைபோசோம்கள் உருவாக வேண்டும். பழைய ரைபோசோம் கனமாக இருக்கும், புதியது லேசாக இருக்கும். சீசியம் குளோரைடு கரைசலில் சுழற்றிப் பிரித்துவிடலாம். ஆனால் கரைசலில் ரைபோசோம்கள் உடைந்துகொண்டே இருந்தன. ஊர் திரும்பும் நாளும் நெருங்கிவிட்டது. ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது பிரென்னருக்குச் சட்டென்று பிடிபட்டது: மக்னீசியம் போதவில்லை! அளவைக் கூட்டினார்கள். அப்புறம் உண்மை தெரிந்தது. வைரஸ் நுழைந்த பிறகு புதிய ரைபோசோம்கள் உருவாகவே இல்லை. புதிதாக உருவான ஆர்.என்.ஏ. பழைய ரைபோசோம்களில் போய் அமர்ந்திருந்தது. செய்தி வேறு, அதைப் படிக்கும் இயந்திரம் வேறு. 1961இல் கட்டுரை வெளிவந்தது.

'தூது' நல்ல சொல். ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தூது திரும்பி வருவதில்லை. பாக்டீரியாவில் பெரும்பாலும் சில நிமிடங்களில், மனித செல்லில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வோ நாள்கணக்கில் நிலைத்திருக்கும். செய்தி சீக்கிரம் அழிவதால்தான் செல்லால் தேவைக்கேற்ப உடனே வேறு புரதத்துக்கு மாற முடிகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை கட்டடத்துக்குக் கட்டும் வெறும் சாரம்போல எழுதுவதும் சரியில்லை. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோக்கும் வினையைச் செய்வதே அதுதான். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இதைச் சொன்னதும் என் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

தடுப்பூசிக் கதையும் இங்கேதான் சேர வேண்டும். ஆய்வகத்தில் செய்த தூது ஆர்.என்.ஏ.வைக் கண்டு நோய் எதிர்ப்புச் செல்கள் கொந்தளித்தன. பாலூட்டிகளின் கடத்து ஆர்.என்.ஏ.வைக் கண்டு அப்படிச் செய்யவில்லை. காரணம் தேடிய கடாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மேனும், கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏராளமாக இருக்கும் வேதி மாற்றங்களைக் கவனித்தார்கள். அப்படி ஒரு மாற்றத்தைத் தூது ஆர்.என்.ஏ.விலும் புகுத்தியதும் கொந்தளிப்பு அடங்கியது. 2005இல் வெளிவந்த இந்த ஆய்வு பின்னர் கோவிட் தடுப்பூசிகளுக்கு வழிவிட்டது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த பதிப்பில் அந்த அம்புக்குறியை மட்டுமாவது திருத்துங்கள். டி.என்.ஏ.விலிருந்து மூன்று கிளைகள் பிரிந்து மூன்றும் ரைபோசோமில் கூடட்டும். என் மாணவிகள் அப்படி ஒரு படம் வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்