புதுக்குடி அண்டாவுக்கு நன்றி

ஸ்ரீவைகுண்டம் புதுக்குடி ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளவட்டங்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, ஞாயிறு ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி, உங்கள் ஊர் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸில் நானும் என் அம்மாவும் இருந்தோம். வண்டியில் ஏறத்தாழ 800 பேர். எங்கள் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. உங்கள் முகங்கள் சில எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

முதலில் ரயிலை நிறுத்திய ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு கும்பிடு. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவதைப் பிற்பாடு படத்தில் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அன்றிரவு ‘வண்டியை ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க’ என்று பெட்டியில் ஒரே சத்தம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்ற கணக்கெல்லாம் ஊர் திரும்பிய பிறகு பேப்பரில் படித்தது. தூத்துக்குடிச் சீமையில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் காயல்பட்டினத்துக் கணக்கை எட்டாது.

திங்கட்கிழமை காலையில் பிஸ்கட் தீர்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். சுற்றிலும் தண்ணீர், கடை கிடையாது, கரண்ட் கிடையாது. சிக்னல் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். தலையில் அண்டா, தோளில் வாளி, முழங்கால் வரை சேறு. சோற்றில் பருப்பையும் ரசத்தையும் ஒன்றாக ஊற்றிக் கிளறியிருந்தீர்கள். எங்களுக்கு அது வாழையிலைத் துண்டில் கிடைத்தது. நான் கை நீட்டியதும் பரிமாறிய அக்கா என் கையைத் தள்ளிவிட்டு, “ஒங்களுக்கு அப்புறம் அண்ணாச்சி, மொதல்ல அம்மைக்கு” என்றார். அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்றார். “நீங்க சாப்பிட்டீங்களாம்மா?” என்று அம்மா கேட்டதற்கு, “எங்க வீட்டுக்கும் இன்னைக்கு இதே அண்டாதான் யம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார்.

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். புறநானூற்றின் 182ஆம் பாட்டை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடியது. இந்த உலகம் இன்னும் அழியாமல் இருக்கிறதே, யாரால் இருக்கிறது என்று யோசித்த பாட்டு. பையன்களுக்குப் பிடிப்பது ‘புகழெனின் உயிரும் கொடுக்குவர்’ என்கிற வீறாப்பான வரி. கேள்வித்தாளும் அந்தப் பக்கம்தான் சாயும். ஆனால் பாண்டியன் அதை முதலில் வைக்கவில்லை. ‘இந்திரர் அமிழ்தம் இயைவது ஆயினும், இனிது எனத் தமியர் உண்டலும் இலரே’ என்றுதான் ஆரம்பிக்கிறார். அமிர்தமே கிடைத்தாலும் தனியாக உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். உயிரைக் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. வீட்டுக்கு வீடு இருந்த அரிசியைக் கொண்டுவந்து கொட்டி, ஊருக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் பொங்கிய உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமோ தெரியாதோ, வரிசை தெரிந்திருக்கிறது.

உங்கள் ஊர்க்காரர் இன்னொருவரும் இருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர். ‘நீரில் குமிழி இளமை’ என்று பாடியவர். சன்னலுக்கு வெளியே அவ்வளவு தண்ணீரைப் பார்த்தும் அந்தப் பாட்டு நினைவுக்கு வரவே இல்லை. பசித்தவனுக்கு நிலையாமை பேசினால் ஏறாது, அதுதான் விஷயம்.

பெட்டிக்குள் இருந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது. கல்லூரி மாணவி ஒருத்தி, தன்னிடம் இருந்த ஒரே பவர் பேங்கை வைத்துக்கொண்டு வரிசை போட்டாள். “வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ற அளவுக்கு மட்டும் சார்ஜ் ஏத்திக்கோங்க, அடுத்தவங்களுக்கும் வேணும்” என்று கறாராகச் சொன்னாள். தன் போனைக் கடைசியில்தான் போட்டாள். பக்கத்து இருக்கை பாட்டி, தன் ஈரம் படாத ஒரே சேலையை ஒரு கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டக் கொடுத்தார். அருகில் இருந்த பள்ளிக்கூடத்தில் சுமார் 300 பேருக்கு இடம் கொடுத்தவர்கள், தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த பேரிடர் மீட்புப் படையினர், ஹெலிகாப்டரில் சாப்பாடு கொண்டுவந்து போட்டவர்கள், 19ஆம் தேதி எங்களை வாஞ்சி மணியாச்சி வரை கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் ஏற்றிவிட்டவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே எனக்கு விளங்காமல் இருந்தது. பெரிய லட்சியம் எதுவும் இப்போதும் வந்துவிடவில்லை. பையில் எப்போதும் ஒரு பவர் பேங்க் இருக்கிறது, பெரும்பாலும் அடுத்தவர்களுக்காக. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் புறநானூற்றில் ஒரு பாட்டு படிக்கச் சொல்லிக் கேட்கிறார். அர்த்தம் சொன்னால் பாதிக்குப் பாதி ஒத்துக்கொள்ள மாட்டார். சண்டை போடுகிறோம். பொழுது நன்றாகவே போகிறது.

வருகிற வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் வருகிறோம். திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, ஒரு மூட்டை அரிசியோடு உங்கள் ஊருக்கு வருவதாக உத்தேசம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அம்மாவும் வருகிறாள். அந்த அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறதாம். நானே எழுதிவிடுகிறேன்: அன்றைய ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல்.

இப்படிக்கு,
செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த ஒரு தமிழ் வாத்தியார்