போக்கர் முகத்துல இல்லங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழமை இணைப்புல போக்கர் சீட்டாட்டம் பத்தி போட்டிருந்தீங்க, அதுல பிளஃப் பண்றதுன்னா (கையில சரக்கு இல்லாமலே பந்தயம் வச்சு எதிராளிய வெலக வைக்கிறது) முகத்துல ஒண்ணும் காட்டாம கல்லு மாதிரி உக்காந்திருக்கறதுதான்னு எழுதியிருந்தத படிச்சதும் எனக்கு பொறுக்கல. ஏன்னா அந்தக் கல்லு முகத்த வச்சுக்கிட்டு நான் தோத்த கதை இருக்கு. காசு இல்லங்க, புளியங்கொட்டை. (2025 ஆகஸ்ட்ல ஆன்லைன்ல காசு வச்சு ஆடுறதுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டு வந்துச்சே, அது நல்லதுன்னு நெனைக்கிற ஆளு நான்.)

கோட்டையூர்ல சொந்தத்துல ஒரு கல்யாணம், மொத நாள் ராத்திரி முகப்புல பாய விரிச்சு உக்காந்தோம். எங்க ஆச்சி மகன் பெங்களூர்ல வேலை பாக்குறான், அவன்தான் சொல்லிக் குடுத்தான். அக்காவ நாங்க ஆச்சின்னுதான் கூப்பிடுவோம். ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, நடுவுல மொதல்ல மூணு, அப்பறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் பந்தயம். நம்ம மூணு சீட்டு ஆடுனவுகளுக்கு அஞ்சு நிமிஷத்துல புடிபட்டுரும்.

எனக்கு ஆட்டின்ல (ஹார்ட்) எட்டும் ஒன்பதும். கீழ ஸ்பேட் ஆஸ், ஆட்டின் ராஜா, ஆட்டின் நாலு விழுந்துச்சு. இன்னொரு ஆட்டின் வந்தா அஞ்சும் ஒரே சாதி, பெரிய கை. நானும் ஆச்சியும்தான் மிச்சம், நடுவுல 40 கொட்டை. நான் 20 வச்சேன், ஆச்சியும் வச்சாக. அடுத்து கிளாவர் ரெண்டு, 40 வச்சேன், ஆச்சியும் வச்சாக. இதுவரைக்கும் நான் ஆடுனது தப்பே இல்லங்க, ஏன்னா அவுக சீட்ட கவுத்து வெலகிட்டா அப்பவே கொட்டையெல்லாம் எனக்கு, கவுக்கலன்னாலும் என் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுல 9 ஆட்டின் இருக்கு, அஞ்சுல ஒரு தடவை வந்துரும். ரெண்டு பக்கமும் வழி இருக்கற பிளஃப் இது.

கடைசி சீட்டு கிளாவர் ஜாக்கி. போச்சு. கையில ஒரு ஜோடி கூட இல்ல, நடுவுல 160. முகத்த இறுக்கிக்கிட்டு 80 தள்ளுனேன். ஆச்சி என் முகத்த ஏறெடுத்துக் கூட பாக்கல, வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவிக்கிட்டே 80 எண்ணி வச்சுட்டு ஆஸும் ஆறும் காட்டுனாக, கீழ கெடந்த ஆஸோட ஜோடி.

அப்பறம் மருமகன் சொன்னான் பாருங்க, அதுதான் விசயம். "அம்மான், 160 எடுக்க 80 வக்கிறீக, மூணுல ஒரு தடவை எதிராளி கவுத்தா ஒங்களுக்கு நட்டமில்ல. ஆனா ஆத்தா கையில ஆஸ் இருந்தா கவுத்து எப்பவாச்சும் பாத்திருக்கீகளா?" ஆச்சி பக்கம் பாத்தா 80 போட்டா 240 கெடைக்கும், நாலுல ஒரு தடவை நான் பொய் சொன்னாலே அவுகளுக்கு கட்டுபடியாகும். அவுக இந்தக் கணக்கெல்லாம் போடல, ஆனா சரியாத்தான் செஞ்சாக.

இன்னொண்ணும் சொன்னான், இது நான் யோசிச்சே பாக்காதது. யாரு கவுப்பா? என்னைய மாதிரியே ஆட்டினுக்கு காத்திருந்து ஏமாந்தவுகதான். மொத்தம் 13ல கீழ ரெண்டு, என் கையில ரெண்டு, மிச்சம் 9, அத ரெண்டு ரெண்டா சேத்தா 36 விதம்தான் வரும். என் கையில ஆட்டினே இல்லாம இருந்தா 55 விதம். அதாவது கவுக்கக்கூடிய கைய நானே புடிச்சு வச்சுக்கிட்டு கவுக்கச் சொல்லி மெரட்டியிருக்கேன். இத கேட்டதும் எனக்கு தூக்கமே போச்சு.

ஆனா ஒண்ணு, என் பந்தயம் சொன்ன கதை ஒட்டுச்சு. ஆஸ் ராஜா வச்சிருக்கவன் அப்டித்தான் மூணு தடவையும் பாதி பாதியா வைப்பான். எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தவுக, கடன் கேட்டு வர்றவன் மூஞ்சிய பாத்து குடுக்க மாட்டாகளாம், போன வருசம் சொன்னதும் இந்த வருசம் சொல்றதும் ஒட்டுதான்னு பேரேட்ட பொரட்டிட்டுத்தான் பெட்டிய தொறப்பாகளாம். போக்கர்ல பந்தயமும் அப்டித்தான், கடைசில வைக்கிற 80 மொத 20தோட ஒட்டணும். என் கதை சரி, கேக்குற ஆளுதான் சரியில்ல.

முகம்தான் எல்லாம்னா இதுக்கு பதில் சொல்லுங்க: 2017ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல லிப்ரடஸ்னு ஒரு கம்ப்யூட்டர் நாலு பெரிய ஆட்டக்காரங்களோட ஒத்தைக்கு ஒத்தை 20 நாள்ல 1,20,000 கை ஆடி ஜெயிச்சுச்சு. அது பிளஃப்பும் பண்ணுச்சு. அதுக்கு முகமும் கெடையாது, எதிராளி முகத்த பாக்க கண்ணும் கெடையாது. எப்ப பொய் சொல்லணும், எத்தன தடவைக்கு ஒரு தடவைன்னு கணக்கு மட்டும்தான்.

அடுத்த தடவை எழுதுறப்ப ஒரே ஒரு கைய எடுத்து இப்டி பிரிச்சுப் போடுங்க ஐயா, படிக்கிறவுகளுக்கு புரியும். ஆச்சி அந்தக் கொட்டைய எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாக, எனக்கு இன்னும் 30 கடன் வேற நிக்குதாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கானாடுகாத்தான்.