ராணுவச் சம்பளமும் வரிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலும் சுங்கை பீசி முகாமிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் வீடுகளில் "ஆர்மிக்காரனுக்கு ஏது வரி" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அப்படி ஒரு பொது விலக்கு நம் மலேசியாவில் கிடையாது. சம்பளம் குறைவென்றால் வரி பெரும்பாலும் வராது, அது உண்மை. ஆனால் ஆண்டு வருமானம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தம் இருந்தால் அது போக, 34,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிட்டால் வருமான வரிப் பாரம் (படிவம்) அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாதவருக்கு 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

மாதம் 3,500 வெள்ளி வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 42,000. வருமானத்திலிருந்து கழிப்பவை: சொந்தக் கழிவு 9,000, வருமானமில்லாத மனைவிக்கு 4,000, பள்ளி போகும் இரு பிள்ளைகளுக்கு 4,000. மிச்சம் 25,000. அதற்கு வரி 300 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாததால் வரியிலிருந்தே தனக்கு 400, மனைவிக்கு 400 என்று தள்ளுபடி கிடைக்கும். கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அதே மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்து ஆண்டுக்கு 15,000 வெள்ளி லாபம் பார்க்கிறார் என்றால் கணக்கு மாறும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "குடும்பம் ஒன்றுதானே" என்று கூட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் வரிக்குரிய வருமானம் 40,000 ஆகிறது. தள்ளுபடி இரண்டும் போய், வரி 900 வெள்ளி. தனித்தனியாகக் காட்டினால் மனைவிக்கு வரியே இல்லை, கணவருக்கு, மனைவிக்கான கழிவும் தள்ளுபடியும் போனாலும், வெறும் 20 வெள்ளி. மனைவிக்கு வியாபார வருமானம் என்பதால் அவர் பி பாரம் அனுப்ப வேண்டும். அதற்குக் கெடு ஜூன் 30.

35,000 என்ற கோடு பொல்லாதது. தனி ஆள் ஒருவருக்கு 35,000 வெள்ளிக்கு வரி 600, தள்ளுபடி போக 200. நூறு வெள்ளி கூடி 35,100 ஆனால் தள்ளுபடி இல்லை, 606 கட்ட வேண்டும். புத்தகம், இணையக் கட்டணம், கைப்பேசி வாங்கிய ரசீதுகளை (2,500 வெள்ளி வரை கழிக்கலாம்) குப்பையில் போடாதீர்கள் என்பது இதனால்தான். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக பிசிபி, அதாவது மாதச் சம்பளத்திலேயே பிடிக்கும் வரி. கல்யாணம் ஆனதைச் சம்பளப் பிரிவுக்குத் தெரிவிக்காவிட்டால், மேலே சொன்ன 42,000 வெள்ளிக்காரருக்குத் தனி ஆள் கணக்கில், வேறு கழிவு இல்லையென்றால், மாதம் ஏறக்குறைய 11 வெள்ளி 70 காசு பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பாரம் அனுப்பாதவருக்கு அது திரும்பி வராது. முகாம் சம்பளப் பிரிவுகள் ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் இசி பாரத்தைப் பிப்ரவரி இறுதிக்குள் கொடுக்கும்போதே, ஆளின் குடும்ப விவரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

இப்படிக்கு,
வரிக் கணக்கர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.